பிஸ்லெட் மைதானமும் பதினான்காம் விதியும்

“இதிலைதான்,” என்றாள் என் மனைவி.

ஓடுபாதையின் குறுக்கே கிடந்த வெள்ளைக் கோட்டில் வலது சப்பாத்தை வைத்து, மழைச்சட்டைத் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, காணாமல்போன எல்லைக்கல்லைக் கண்டுபிடித்த நிலஅளவையாளர் போல நின்றாள்.

“இதிலை வைச்சுத்தான் என்னை விலத்தினனீங்கள்.”

ஒஸ்லோவில் ஒரு ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை, முற்பகல். வெயிலும் தூறலும் ஆளுக்குப் பத்து நிமிடம் என்று முறை வைத்து வந்துகொண்டிருந்தன. பிஸ்லெட் மைதானத்தில் எங்கள் குடும்பத்தைத் தவிர இருந்தது ஒரே ஒரு நோர்வேப் பெண். அவள் ஓடிக்கொண்டிருந்தாள், எங்களை மூன்றாவது தடவையாகக் கடந்து போனாள். நாங்கள் நாலு பேர்: நான், மனைவி கமலா, மகள் ஆரணி, மருமகன் பிரபு. குடை ஒன்று. அதைப் பிடித்திருந்தவன் நான்.

“விலத்தினதுன்னா?” என்று பிரபு ஆரணியிடம் கேட்டார்.

“டிஸ்குவாலிஃபை.”

“யாரை?”

“அம்மாவை.”

“யாரு பண்ணாங்க?”

தாயும் மகளும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள். மருமகன் ஒரு கணம் பிந்தித் திரும்பினார். ஓடிய பெண் மட்டும் திரும்பவில்லை. நோர்வேக்காரரிடம் எனக்குப் பிடித்த குணம் அதுதான்.

இடித்துக் கட்டிய பழமை

நாங்கள் அங்கே போனதற்குக் காரணம் மருமகன். பிரபு கோயம்புத்தூர்க்காரர். கணினி வேலைக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்தவர், ஆரணியைக் கண்டபின் ஒப்பந்தத்தை நீடித்துக்கொண்டார். காலையில் எழுந்து ஓடுகிறவர். யாரும் துரத்தாமல் ஓடுகிற தமிழர் ஒருவரை நான் அதற்கு முன் வீட்டுக்குள் வைத்திருந்ததில்லை.

அவருடைய முதல் திட்டம் கிரேக்கம்.

“மாமா, ஒலிம்பியால ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின ஸ்டேடியம் இருக்கு. ஸ்டார்ட்டிங் லைன் கல்லுல அப்படியே இருக்கு. கால் விரல் வைக்கிற பள்ளம்கூட இருக்கு. ஃபேமிலியா போய் நாமளும் ஒரு ரேஸ் ஓடலாம்.”

கமலாவின் முழங்கால்கள் இரண்டும் அந்தத் திட்டத்தை ஏகமனதாக நிராகரித்தன. “நான் ஓடி முடிச்ச ஆள், தம்பி,” என்றாள். ஆகவே நகரத்துக்குள்ளேயே போய்வரக்கூடிய பழமை எது என்று தேடி, பிஸ்லெட் தெரிவானது.

பிஸ்லெட் பழமையானதுதான். மறுக்கவில்லை. நூறு வருடமாக அங்கே ஓடுகிறார்கள். ஐம்பதுகளில் குளிர்கால ஒலிம்பிக்குக்குத் தண்ணீர் ஊற்றி உறையவிட்டுச் சறுக்கினார்கள். எண்ணிக்கை தவறிப்போகுமளவுக்கு உலக சாதனைகள். ஆனால் இந்தப் பழம்பெரும் மைதானத்தை இருபது வருடத்துக்கு முன் அடியோடு இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். சனம் நெருக்கியடித்து நின்ற மரப் பலகைகள் போய், கொங்கிறீற் வந்தது. ஒரு பலகைகூட மிச்சமில்லை.

“பிறகு எதைப் பாக்க வந்தனாங்கள்?” என்று வாசலில் வைத்துக் கேட்டேன்.

“இடம் பழசுல்ல, மாமா.”

எங்கள் ஊர்க் கோயில்களுக்கும் இதே நியாயம்தான். இருந்ததை இடித்து, சீமெந்தில் கட்டி, கும்பாபிஷேகமும் செய்து, வாசலில் ‘புராதன’ என்று கொட்டை எழுத்தில் எழுதிவிடுவோம். சாமி மாறவில்லை என்பது எங்கள் வாதம். பிஸ்லெட்டிலும் சாமி மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

நாங்கள் இருக்கும் ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து நகரத்துக்கு ரயிலில் போகலாம். அன்று தண்டவாள வேலை. ரயிலுக்குப் பதில் பேருந்து. ரயில் ஓடாத நாட்களின் பட்டியல் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது, பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில். இரண்டையும் பார்த்துத்தான் நாங்கள் வெளிக்கிடுவது.

ஓடுபாதை அந்த நேரத்தில் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது என்பதை முதல்நாளே மாநகரசபையின் நாட்காட்டியில் உறுதிசெய்து, அச்செடுத்து, பிளாஸ்ரிக் உறையில் போட்டுப் பையில் வைத்திருந்தேன். வாசலில் ஒருவரும் கேட்கவில்லை. நான் முப்பது வருடம் மாநகரசபையில் விண்ணப்பங்களைப் பரிசீலித்து ஓய்வுபெற்றவன். ஒருவரும் கேட்காத தாள்களைத் தயாராக வைத்திருப்பதுதான் என் தொழிலாக இருந்தது.

எங்கள் ஒலிம்பிக்

இந்த வாராந்தப் பத்தியின் இளைய வாசகர்களுக்காகக் கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

ஒஸ்லோத் தமிழர் கோடையில் ஒரு விளையாட்டுப் போட்டி வைப்பது வழக்கம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்ததை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்தோம்: நாலு இல்லம், நாலு நிறம், அணிநடை, கயிறிழுப்பு, சாக்கோட்டம், சங்கீதக் கதிரை. ஒலிபெருக்கியில் பாதி நேரம் ஓட்டப் போட்டியின் அறிவிப்பு. மீதி நேரம், வாசலை அடைத்து நிறுத்திய காரின் சொந்தக்காரரைத் தேடும் அறிவிப்பு. மூலையில் ரோல்ஸ், வடை, பிளாஸ்ரிக் கோப்பையில் தேநீர்.

வழக்கமாக ஏதாவது புறநகர்ப் பள்ளி மைதானத்தில்தான் நடக்கும். ஒரே ஒரு வருடம் பிஸ்லெட்டில் நடந்தது. பழைய பிஸ்லெட், இடிப்பதற்கு முன்பு. அதை எடுத்துக் கொடுத்தவன் நான். யாராவது முன்பதிவை விலக்கிக்கொண்டால் அந்த நேரம் எந்த நாளில், எத்தனை மணிக்கு மறுபடி பட்டியலில் ஏறும் என்று தமிழருக்குள் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த நிமிடத்தில் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உலக சாதனைகள் நடந்த இடத்தில் எங்கள் சாக்கோட்டம் நடந்தது.

விதிக்கோவையும் நான்தான் எழுதினேன். இருபத்திரண்டு பக்கம். அதுவரை எங்கள் போட்டிகளில் விதி என்பது யாருடைய குரல் உரத்ததோ அவரிடம் இருந்தது. நான் அதைத் தாளுக்குக் கொண்டுவந்தேன். ஆட்சேபம் தெரிவிக்கப் படிவம்கூடச் செய்தேன், மூன்று பிரதிகளில். சாக்கோட்டத்தில் சாக்குக் கிழிந்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் அரைப் பக்கம். கிழிந்த தருணத்தில் ஓடுபவர் நிலத்தில் நின்றாரா, ஆகாயத்தில் நின்றாரா என்பதைப் பொறுத்து இரண்டு உபவிதிகள்.

பதினான்காம் விதி இப்படி இருந்தது: ‘திருமணமான பெண்களுக்கான தேசிக்காய் ஓட்டத்தில் கரண்டிப் பிடியைப் பல்லால் கவ்வியபடி ஓட வேண்டும். முடிவுக் கோட்டைக் கடக்கும்வரை கை தேசிக்காயிலோ கரண்டியிலோ படலாகாது. பட்டால் விலத்தப்படுவர்.’

இதை நான் ஒப்புவித்தபோது மருமகன் குறுக்கிட்டார்.

“தேசிக்காய்னா?”

“உங்கடை எலுமிச்சம்பழம்,” என்றாள் கமலா.

“அது பழமாச்சே, அத்தை.”

“எங்கடை ஆக்கள் பழுக்க விடேல்லை.”

ஐம்பது மீற்றர்

எட்டுப் பெண்கள் ஓடினார்கள். கமலா மஞ்சள் இல்லம். மூன்று கிழமை வீட்டு நடையில் பயிற்சி எடுத்திருந்தாள். தேசிக்காய் விழுந்து நசிந்தால் வீண் என்று உருளைக்கிழங்கை வைத்து ஓடினாள். பயிற்சி முடிந்ததும் அதே கிழங்கு சட்டிக்குள் போகும். ஆரணிக்கு அப்போது ஏழெட்டு வயது; அவள்தான் தொடக்க விசில்.

நான் தலைமை நடுவர். முடிவுக் கோட்டில், கழுத்தில் நிறுத்தற்கடிகாரம், கையில் விதிக்கோவை.

கமலா எல்லாருக்கும் இரண்டு எட்டு முன்னால் வந்தாள். கண் கரண்டியில், தலை அசையவில்லை. அந்த நடையில் ஒரு தேர்ச்சி இருந்தது. மைதானத்து நோர்வேக் காவலாளிகூடச் சிகரெட்டை இறக்கிவிட்டுப் பார்த்தார். கோட்டுக்குப் பத்து மீற்றர் இருக்கும்போது அவளுடைய வலதுகை மேலே போனது, கீழே வந்தது. கோட்டைக் கடந்தாள். அடுத்ததாக வந்தவர் ஹொல்ம்லியாவில் இருக்கும் பவளராணி.

பவளராணியின் கணவர் குணம் அண்ணர் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தார்.

“அவ கையாலை பிடிச்சவ. நான் கண்டனான்.”

“கண்ணாடி வழுகினது, அண்ணை,” என்றாள் கமலா, கரண்டியை வாயிலிருந்து எடுத்து. “கண்ணாடியைத்தான் தள்ளினனான்.”

குணம் அண்ணர் அவளைப் பார்க்கவில்லை. சனத்தின் பக்கம் திரும்பிச் சொன்னார்: “நடுவர் என்ன செய்யப் போறார் எண்டு பாப்பம். அவற்றை மனிசியெல்லோ.”

சனம் சிரித்தது. எங்கள் சனம் அப்படிச் சிரிக்கும்போது அது சிரிப்பு இல்லை, வாக்கெடுப்பு.

நான் குணம் அண்ணரிடம் ஆட்சேபப் படிவத்தை நீட்டினேன். அவர் நின்ற நிலையில் நிரப்பினார். அதன் அடியில், ‘நடுவரின் முடிவு’ என்ற கட்டத்தில் எழுதினேன்: ‘போட்டியாளரின் வலதுகை முகத்தருகே சென்றது. விதி 14இன்படி விலத்தப்படுகிறார்.’ கையொப்பம். நேரம், விநாடி உட்பட.

அந்த வசனத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ‘முகத்தருகே சென்றது.’ அதில் பொய் இல்லை. எந்த நீதிமன்றத்திலும் நிற்கும். தேசிக்காயில் பட்டது என்று நான் எங்கும் எழுதவில்லை. பட்டதா என்று கேட்பவருக்கு வசனத்தில் பதில் இல்லை. பதில் இருப்பது போல ஒரு தோற்றம் மட்டும் உண்டு. இப்படி எழுதுவதற்குப் பயிற்சி வேண்டும். எனக்கு மாநகரசபை சம்பளம் தந்து பயிற்றுவித்தது.

கைதட்டல் கிடைத்தது. கோப்பை பவளராணிக்குப் போனது. ‘மனிசியையே விலத்தின மனுசன்’ என்ற பட்டம் எனக்கு வந்தது. அடுத்த பதினொரு வருடம் நான்தான் தலைமை நடுவர். கரப்பந்தாட்டத் தகராறு, பட்டிமன்றத் தலைமை, மண்டபத்தில் யாருடைய பிறந்தநாள் முதலில் பதிவானது என்ற வழக்கு, எல்லாவற்றுக்கும் என்னைக் கூப்பிட்டார்கள். அந்த வருட ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். நடுநிலைமைக்கு என்னை உதாரணம் காட்டி ஒருவர் இருபது நிமிடம் பேசினார். நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தலையைக் குனிவதும் ஒரு நடைமுறைதான்.

கமலா அதை மறக்கவில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை, பெரும்பாலும் விருந்தாளிகள் முன்னிலையில், அந்த வழக்கை எடுப்பாள். நான் ஒரே பதிலைச் சொல்வேன்: “நான் எழுதினது சரி.” விருந்தாளிகள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். எங்கள் வீட்டில் அது ஒரு பலகாரம் போல, தேநீரோடு வந்து தேநீரோடு போகும் என்றுதான் நினைத்திருந்தேன்.

நடைபாதையில் கழிந்த உத்தியோகம்

மழை வலுத்தது. நாலு பேரும் ஒரு குடைக்குள் நெருங்கினோம். கமலா கோட்டிலிருந்து காலை எடுக்கவில்லை.

ஆரணி சட்டம் படித்தவள். அரச அலுவலகம் ஒன்றில் மேன்முறையீடுகளைப் பார்க்கிறாள். இந்தக் கதையைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். ஆனால் அன்று முதல்முதலாக அதை ஒரு கோப்பாகக் கேட்டாள் போலிருக்கிறது.

“அப்பா, குணம் மாமா முறைப்பாடு குடுத்தது ஆரிட்டை?”

“என்னட்டை.”

“விசாரிச்சது?”

“நான்.”

“முடிவெடுத்தது?”

“நான்தான். கையொப்பமும் இருக்கு.”

“முறைப்பாடு ஆருக்கு எதிராய்?”

“கொம்மாவுக்கு.”

“அப்ப நீங்கள் இன்ஹபில்.”

பிரபு அவளைப் பார்த்தார். “நோர்வேச் சட்டம்,” என்றாள் ஆரணி. “சொந்தக்காரற்றை விஷயத்திலை அதிகாரி முடிவெடுக்கக் கூடாது. எழும்பி வெளியாலை போகோணும். இது முதல் பாடம். அப்பாவுக்குத் தெரியாதெண்டில்லை.”

தெரியாதென்றில்லை. ஒஸ்லோத் தமிழரில் பாதிப்பேர் எனக்கு ஏதோ ஒரு வழியில் சொந்தம். ஒன்றுவிட்ட தம்பியின் மனைவியின் விண்ணப்பம் வந்தால் கூட்டத்திலிருந்து எழுந்து அறைக்கு வெளியே நடைபாதைக்குப் போவேன். சகலனின் மருமகள் வந்தால் போவேன். சொந்தமோ என்று சந்தேகம் வந்தாலும் போவேன். என் உத்தியோக வாழ்வில் கணிசமான பகுதி நடைபாதையில், கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் கழிந்தது. என் மேலதிகாரி ஒருமுறை, இலங்கையில் உனக்குச் சொந்தமில்லாதவர் யாராவது உண்டா என்று கேட்டார். உண்டு, ஆனால் அவர்கள் இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றேன்.

அப்படிப்பட்ட நான், சொந்த மனைவியின் விஷயத்தில் நடைபாதைக்குப் போகவில்லை.

“முடிவு செல்லாது,” என்றாள் ஆரணி. “ரத்து.”

உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. செயல்முறைக் குறைபாடு காரணமாக முடிவு ரத்து. இதைவிட நல்ல சொற்றொடர் அரச நிருவாகத்தில் இல்லை. யாரும் பிழை செய்யவில்லை. செயல்முறைக்கு மட்டும் கொஞ்சம் சுகமில்லாமல் போய்விட்டது. இருபது வருடம் தாண்டிய வழக்கு, யாருக்கும் காயமில்லாமல், ஒரு தூறலுக்குள் முடிந்துவிட்டது.

“ஏற்றுக்கொள்ளுறன்,” என்றேன், பெருந்தன்மையோடு. “ரத்துச் செய்யிறன்.”

“அத்தை, அப்போ நீங்கதான் வின்னர்,” என்றார் பிரபு. “கோட்டு மேலயே நில்லுங்க. ஒரு ஃபோட்டோ.”

கமலா புகைப்படத்துக்கு முகம் கொடுக்கவில்லை.

ஓமோ, இல்லையோ

“ரத்து எண்டால் என்ன?” என்று என்னைக் கேட்டாள்.

“அந்த முடிவு எடுக்கப்படவேயில்லை எண்டு அர்த்தம்.”

“அப்ப நான் தொட்டனானோ, தொடேல்லையோ?”

“அது இப்ப விஷயத்துக்குள்ளை வராது.”

“எனக்கு அதுதான் விஷயம்.” அவள் குடைக்கு வெளியே போய் என் முன்னால் நின்றாள். “இஞ்சாருங்கோ. எழுதினது சரி, எழுதினது சரி எண்டு இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டிருக்கிறியள். எழுதினதை நான் ஒரு நாளும் கேக்கேல்லை. கண்டதைக் கேக்கிறன். என்ரை கை தேசிக்காயிலை பட்டதை நீங்கள் கண்டனீங்களோ? ஓமோ, இல்லையோ?”

“அம்மா, இதிலை பாருங்கோ—”

“நீ பேசாமல் நில்லு, பிள்ளை. இது உன்ரை கந்தோர் இல்லை.”

நான் முப்பது வருடம் அந்த இரண்டு சொற்களையும் தவிர்த்து வேலை பார்த்தவன். ‘இத்தருணத்தில் கிடைக்கும் தகவல்களின்படி’ என்று தொடங்கலாம். தூரம், தூறல், கோணம் என்று மூன்று காரணங்கள் வாய்க்குள் வரிசையில் நின்றன. கமலாவின் கண்ணாடியில் மழைத்துளிகள். அவள் துடைக்கவில்லை. அவற்றுக்கூடாகவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லை,” என்றேன்.

“என்ன இல்லை?”

“படேல்லை. நீர் கண்ணாடியைத்தான் மேலை தள்ளினனீர். ஒரு விரலாலை. தேசிக்காய் அசையவேயில்லை. நான் வடிவாய்க் கண்டனான்.”

பிரபு தொலைபேசியைக் கீழே இறக்கினார்.

“பிறகேன்?”

“குணம் அண்ணர் எல்லாற்றை முன்னாலையும் அப்பிடிச் சொல்லிப்போட்டார். உம்மை விட்டால், மனிசிக்குச் சார்பாய்த் தீர்ப்புச் சொன்னவன் எண்டு சனம் என்னைச் சொல்லும் எண்டு பயந்திட்டன்.”

“சனம் என்னை என்ன சொல்லும் எண்டு யோசிக்கேல்லை.”

அது கேள்வி இல்லை.

சந்தையில் விலை சொல்லும் குரலில் அவள் சொன்னாள்: “அந்த வருசம் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நிர்வாகியாய் வரச் சொல்லி என்னைக் கேட்டவை. ஞாபகம் இருக்கோ?”

“இருக்கு. நேரமில்லை எண்டு நீர்தான் விட்டனீர்.”

“நேரம் இருந்தது.”

கமலா ஊரில் ஒன்பது வருடம் கணிதம் படிப்பித்தவள். ஒஸ்லோவில் முதியோர் இல்லத்தில் வேலை. அவளுடைய படிப்பைக் கேட்டு இந்த நாட்டில் வந்த ஒரே அழைப்பு அந்தத் தமிழ்ப் பள்ளியிலிருந்து வந்ததுதான்.

“பெற்றோர் கூட்டத்திலை என்ரை பேரை முன்மொழிஞ்சவை. பின்னாலையிருந்து ஒராள், ‘தேசிக்காயையே கையாலை பிடிச்சவ, சோதினைப் புள்ளியளை ஆர் பாத்துக்கொள்ளுறது? புருசனே சொல்லிப்போட்டார்’ எண்டது. பகிடிக்குத்தான். எல்லாரும் சிரிச்சவை. நானும் சிரிச்சனான். அடுத்த நாள் போன் எடுத்து, எனக்கு நேரமில்லை எண்டு சொல்லிப்போட்டன்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“அந்தக் கிழமைதான் உங்களுக்குப் பொன்னாடை போத்தினவை.”

ஓடிய பெண் மறுபடி வந்தாள். நாங்கள் அவளுடைய பாதையை அடைத்து நிற்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. விலகி வழி விட்டோம். அவள் தலையசைத்து நன்றி சொல்லிப் போனாள்.

பிறகு மைதானத்தின் எஞ்சிய வரலாற்றைப் பார்த்தோம். பிரபு ஒவ்வொரு வளைவிலும் நின்று, இங்கே யார் யாரை எத்தனை நொடியில் வென்றார் என்று சொல்லிக்கொண்டு வந்தார். பாவம், இடைவெளியை நிரப்ப வேண்டும் என்று நினைத்திருப்பார். அத்தை நனைகிறார் என்று என்னிடமிருந்து குடையை வாங்கி அவளுக்குப் பிடித்தார். நான் நனைந்தேன். அது நியாயமான தீர்ப்பு என்று பட்டது.

விளக்கமும் முடிவும்

திரும்பி வரும்போதும் ரயிலுக்குப் பதில் பேருந்துதான். கமலா எனக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். வேறு இடமும் காலியாக இருந்தது என்பதைப் பதிவு செய்கிறேன்.

“கிழமைக்குக் கிழமை எழுதுறியள்தானே,” என்றாள்.

“ஓம்.”

“போன கிழமை எழுதினதைப் பாத்தால், இந்த நகரத்திலை நீங்கள் ஒராள்தான் நேர்மையான மனுசன். வாற கிழமை இதை எழுதுங்கோ.”

“வாசகருக்கு இப்பிடியான வீட்டு விஷயம்—”

“பேரோடை எழுதுங்கோ. குணம் அண்ணையும் வாசிக்கிறவர்.”

எழுதினேன். முதல் வரைவு நாலு பக்கம். அந்தக் காலத்துச் சமூக அழுத்தம், புதிய நாட்டில் நற்பெயரின் அவசியம், ஜூன் மாதத்து வெளிச்சத்தில் கண் கூசுவது, எல்லாம் இருந்தது. கமலா சாப்பாட்டு மேசையில் வைத்து, சிவப்புப் பேனாவால் பக்கத்துக்குப் பக்கம் கோடு இழுத்தாள். ஒன்பது வருடம் கணக்குக் கொப்பி திருத்திய கை. கோடு நேராக இருந்தது.

“இது விளக்கம்,” என்றாள். “நான் கேட்டது முடிவு.”

இரண்டாவது வரைவிலும் விளக்கம் இருந்தது, சுருக்கமாக. அதையும் வெட்டினாள். பவளராணியிடம் இருக்கும் கோப்பையைத் திருப்பிக் கேட்க ஒரு கடிதம் தயாரிக்கட்டுமா என்று கேட்டேன். அதற்கான படிவம் ஒன்றையும் யோசித்து வைத்திருந்தேன்.

“அது அவவிட்டையே இருக்கட்டும். அவ ஒழுங்காய்த்தானே ஓடினவ. பிழை அவவிலை இல்லை.”

பள்ளிக்கூட நிர்வாகிப் பதவிக்கு என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. கைவிட்டுப்போன ஒன்றைப் பழைய திகதியிட்டுத் திருப்பிக் கொடுக்க நடைமுறை ஏதாவது இருக்கிறதா என்று எனக்கு நானே தேடிப் பார்த்தேன். எனக்குத் தெரியாத நடைமுறை இந்த ஊரில் இல்லை. அதற்கு ஒன்றும் இல்லை.

மூன்றாவது வரைவை ஆரணி பார்த்தாள். இதையும் நான் நடுவராகத் தீர்ப்புச் சொல்ல முடியாது, இப்போதும் நான் இன்ஹபில்தான் என்றாள். சாட்சியாக எழுதலாமாம். சாட்சிக்கு மனைவி இருப்பது தடையில்லை.

ஆகவே, சாட்சியாக எழுதுகிறேன்:

பழைய பிஸ்லெட் மைதானத்தில் நடந்த, திருமணமான பெண்களுக்கான தேசிக்காய் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவர் கமலா, மஞ்சள் இல்லம். இரண்டாவதாக வந்தவர் பவளராணி, நீல இல்லம். முதலாவதாக வந்தவரின் கை தேசிக்காயில் படவில்லை. கரண்டியிலும் படவில்லை. நடுவர் அதைக் கண்டார். கண்டுகொண்டே வேறு விதமாக எழுதினார்.

இதற்கு எதிராக மேன்முறையீடு செய்ய விரும்புவோருக்கு மூன்று வாரம் அவகாசம் உண்டு. ஹவுகன்ஸ்டுவாவுக்கு வந்து, என் மனைவியிடம் நேரில் சொல்ல வேண்டும்.